எலுமிச்சைப்புல் காய்ச்சும் பாத்திரத்துக்குச் சல்லடைத் தட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் திருப்புல்லாணி, உச்சிப்புளி, சாயல்குடி பக்கம் மணல் நிலத்தில் எலுமிச்சைப்புல்லோ வெட்டிவேரோ போட்டுவிட்டு, எண்ணெயைத் தாங்களே இறக்கிப் பார்க்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அதிலும் பாதிக்கு மேல் பாத்திரத்துக்குள் போடும் ஓட்டைத் தட்டைப் பற்றியவை. போனில் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்தது இது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

சல்லடைத் தட்டுன்னா என்ன, அது எதுக்கு?

இட்லிப் பானைக்குள் இருக்கும் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே தண்ணீர் கொதிக்கிறது, நடுவில் ஓட்டை போட்ட தட்டு, அதன் மேல் புல். ஆவி தட்டின் ஓட்டைகள் வழியாக ஏறி, புல்லுக்குள் நுழைந்து, அதிலுள்ள எண்ணெயை ஆவியாக்கிக் கூட்டிக்கொண்டு மேலே போகிறது. மூடியிலிருந்து கிளம்பும் குழாய் குளிர்விப்பானுக்குள் இறங்கும். அங்கே ஆவி மறுபடி தண்ணீராகவும் எண்ணெயாகவும் பிரியும்.

தட்டுக்கு இரண்டே வேலைதான். புல்லைத் தண்ணீரில் முங்க விடாமல் தாங்க வேண்டும். கீழே பரவி வரும் ஆவியை எல்லா இடத்திலும் தடையில்லாமல் மேலே விட வேண்டும். இந்த இரண்டையும் செய்துவிட்டால் அது நல்ல தட்டு. மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

இணையத்துல ‘காலம் பிளேட்’ (column plate) கணக்கெல்லாம் விலாவாரியா போட்டிருக்காங்க. அதை அப்படியே எடுத்துக்கலாமா அண்ணே?

வேண்டாம். குழப்பம் ஆரம்பிப்பதே இங்கேதான். அந்தக் கணக்குகள் ஆல்கஹால் ஆலைகளிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் இருக்கும் உயரமான பிரிப்புக் கோபுரங்களுக்கானவை. அங்கே ஒவ்வொரு தட்டின் மேலும் சுமார் 5 செ.மீ. உயரத்துக்குத் திரவம் நின்றுகொண்டிருக்கும். கீழேயிருந்து வரும் ஆவி அந்தத் திரவத்தைக் குமிழி விட்டுக் கடக்க வேண்டும், திரவமும் ஓட்டை வழியாகக் கீழே ஒழுகிவிடக் கூடாது. அதற்காக ஓட்டைகளைக் கணக்குப் பார்த்துக் குறைத்து, ஆவி வேகமாகப் போகும்படி செய்வார்கள். திரவம் கீழ்த் தட்டுக்கு இறங்கத் தனி வழி உண்டு.

நம் தட்டில் திரவம் நிற்கவே கூடாது. புல்லிலிருந்து சொட்டும் நீர் தாராளமாகக் கீழே விழ வேண்டும். அங்கே எது கோளாறோ, அதுதான் இங்கே நமக்கு வேண்டியது. அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்து ஒட்டினால், ஓட்டை குறைவான, சுத்தம் செய்யச் சிரமமான, விலை கூடிய தட்டு ஒன்று கிடைக்கும்.

புல் இல்லாத நாள்ல இதே சட்டியில சரக்கு காய்ச்சினா என்ன?

சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார்கள், ஆனால் அடிக்கடி கேட்கிறார்கள். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. வீட்டில் காய்ச்சுவது அதன்படி குற்றம். 2023 மே மாதம் மரக்காணத்திலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் சாவுகள் நடந்தன. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல். அதன் பிறகு வந்த திருத்தத்தில், இப்படி உயிர் போனால் ஆயுள் தண்டனை வரைக்கும் 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும் உண்டு. நல்ல தட்டு போட்டால் மெத்தனால் பிரிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். மெத்தனால் கொதிப்பது 64.7 டிகிரியில், குடிக்கும் சாராயம் 78 டிகிரியில். பட்டறையில் செய்த பாத்திரத்தை வைத்து இந்த வித்தியாசத்தில் உயிரைப் பணயம் வைக்க முடியாது.

எண்ணெய் இறக்குபவர்களுக்கு இதில் ஒரு யோசனை: பாத்திரத்தை நிறுத்தும் முன்பே உள்ளூர் காவல் நிலையத்தில் இன்ன பயிர், இன்ன எண்ணெய் என்று சொல்லி வையுங்கள். தோப்புக்குள்ளிருந்து புகை வந்து, குழாயும் டிரம்முமாக இருந்தால் பார்க்கிறவர்களுக்கு வேறு நினைப்புதான் வரும்.

ஓட்டை எத்தனை மி.மீ. போடணும்?

புல்லுக்கு 5லிருந்து 10 மி.மீ.க்குள் எது கிடைத்தாலும் போதும். 6 மி.மீ. எடுத்தவருக்கும் 8 மி.மீ. எடுத்தவருக்கும் எண்ணெயில் வித்தியாசம் வராது. 3 மி.மீ.க்குக் கீழே போனால் இலைத் துணுக்கும் பசையும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். 12 மி.மீ.க்கு மேலே போனால் தாள் நுனிகள் ஓட்டையில் சொருகிக்கொண்டு, இறக்கும்போது பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கும்.

விதை, வேர் போன்றவற்றுக்குக் கதை வேறு. கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

மொத்தத் திறப்பு எவ்வளவு இருக்கணும்? கணக்கு எப்படிப் போடுறது?

தட்டின் மொத்தப் பரப்பில் ஓட்டைகளின் பரப்பு 15லிருந்து 25 சதவீதம் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். ஓட்டைகளை முக்கோண வரிசையில் வையுங்கள், அதாவது ஒரு வரிசையின் ஓட்டை அடுத்த வரிசையின் இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே வர வேண்டும். ஓர் ஓட்டையின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை உள்ள தூரம்தான் பிட்ச். ஓட்டை விட்டத்தைப் பிட்சால் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, அதை 0.907ஆல் பெருக்கினால் திறப்பு கிடைக்கும். சதுர வரிசை என்றால் 0.785.

6 மி.மீ. ஓட்டை, 15 மி.மீ. பிட்ச் என்று வையுங்கள். 6/15 = 0.4. அதன் வர்க்கம் 0.16. 0.907ஆல் பெருக்க 14.5 சதவீதம், கிட்டத்தட்ட 15. 8 மி.மீ.க்கு 20 பிட்ச், 10 மி.மீ.க்கு 25 பிட்ச் போட்டாலும் இதே 14.5தான் வரும், ஏனென்றால் விகிதம் மாறவில்லை. பிட்ச் ஓட்டையைப் போல் இரண்டு மடங்கு என்றால் 22.7 சதவீதம். மார்க் பண்ணும்போது வரிசைக்கும் வரிசைக்கும் இடையே பிட்சை 0.866ஆல் பெருக்கி வையுங்கள். 15 பிட்சுக்கு 13 மி.மீ. வரும்.

நானே டிரில் போட்டுக்கலாமா, ரெடிமேடா ஓட்டை ஷீட் வாங்கணுமா?

எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள். 1 மீட்டர் விட்டத் தட்டில் 6 மி.மீ. ஓட்டை, 15 பிட்ச் என்றால் சுமார் 4,000 ஓட்டை. அதையே 10 மி.மீ., 25 பிட்ச் என்று மாற்றினால் திறப்பு மாறாமல் 1,450 ஓட்டையாகக் குறையும். 200 லிட்டர் டிரம்முக்கு (விட்டம் 57 செ.மீ.) 6 மி.மீ.யில் 1,300. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தகடு டிரில் பிட்டைத் தின்றுவிடும். வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தை விடாமல், எண்ணெய் விட்டுக்கொண்டே போட வேண்டும். பிட் வெட்டாமல் சுற்றிக்கொண்டே நின்றால் அந்த இடம் இறுகிப்போய் அப்புறம் எதற்கும் மசியாது.

என்னைக் கேட்டால் ஓட்டை அடித்த ஷீட்டாகவே வாங்கி, பட்டறையில் வட்டமாக வெட்டிக்கொள்வதுதான் மேல். பஞ்ச் பண்ணிய ஷீட்டில் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறு பக்கம் பிசிறாகவும் இருக்கும். வழவழப்பு மேலே இருக்கட்டும். இறக்கும்போது புல் வழுக்கி வரும், கையும் கிழியாது.

ஓட்டையைக் குறைச்சா ஆவி வேகமா வரும், எண்ணெய் சீக்கிரம் இறங்கும்னு ஒருத்தர் சொன்னாரே?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். 1 மீட்டர் விட்டப் பாத்திரம், மணிக்கு 30 லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது. 1 லிட்டர் தண்ணீர் சாதாரண அழுத்தத்தில் சுமார் 1,670 லிட்டர் ஆவியாகும். அப்படியானால் மணிக்கு 50 கனமீட்டர். 15 சதவீதத் திறப்பில் இந்த ஆவி விநாடிக்கு 12 செ.மீ. வேகத்தில்தான் ஓட்டையைக் கடக்கும். திறப்பை வெறும் 1 சதவீதமாகக் குறைத்தாலும் விநாடிக்கு 2 மீட்டரை எட்டாது. தட்டின் இரு பக்கமும் வரும் அழுத்த வித்தியாசம் அப்போதும் கால் மி.மீ. நீர் உயரம் அளவுதான். இந்த அளவில் தட்டு ஆவியைத் தடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

எண்ணெய் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது மணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் புல்லுக்குள் போகிறது என்பதும், அது எல்லாப் புல்லையும் தொடுகிறதா என்பதும். முதலாவது அடுப்பின் கையில். அளக்கவும் சுலபம்: குளிர்விப்பானிலிருந்து வரும் நீரைக் குடத்தில் பிடித்து, மணிக்கு எவ்வளவு என்று பாருங்கள். இரண்டாவதுதான் தட்டும் புல் அடுக்குவதும் சேர்ந்து செய்யும் வேலை.

தட்டுக்குக் கீழ எவ்வளவு இடம் விடணும்?

ஓட்டை அளவைப் பற்றிக் கேட்பவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டிருந்தால் நிறையப் பாத்திரங்கள் இன்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர் மட்டத்துக்கும் தட்டுக்கும் இடையே சின்ன டிரம்மில் 15 செ.மீ.யாவது, பெரிய பாத்திரத்தில் 20லிருந்து 30 செ.மீ. வரையும் வேண்டும். கொதிக்கும் தண்ணீர் தெறித்துப் புல்லை நனைத்தால் அடிப்புல் வெந்து கூழாகி ஓட்டைகளை அடைக்கும். அப்புறம் ஆவி கிடைத்த வழியில் போகும்.

இன்னொரு காரணமும் உண்டு. முந்தைய பதிலில் பார்த்தபடி, தட்டு எந்த எதிர்ப்பும் காட்டுவதில்லை. ஆகவே ஆவி சமமாகப் பரவ வேண்டுமானால் தட்டுக்குக் கீழேயே பரவியாக வேண்டும். அதற்கு அந்தக் காலி இடம்தான் தேவை.

டிரம்மில் ஒரு உதாரணம்: 88 செ.மீ. உயரத்தில் 25 செ.மீ. தண்ணீர் (சுமார் 64 லிட்டர்), 15 செ.மீ. காலி, அதற்கு மேல் தட்டு. புல்லுக்கு 45 செ.மீ. சொச்சம் மிஞ்சும். இருபது கிலோ சொச்சம் புல் பிடிக்கும், எண்ணெய் 100 கிராம் அளவில் வரும். இவ்வளவுதானா என்று முகம் வாடுகிறவர்கள் பெரிய பாத்திரத்துக்குப் போங்கள், தண்ணீர் இடத்தைத் திருடாதீர்கள். பழைய டிரம் வாங்கினால் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். பூச்சிமருந்து டிரம் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம்.

ஆடிக் காத்துல தீ ஒரு பக்கமாவே சாயுது. ஆவியும் ஒரு பக்கமாத்தான் ஏறுமா?

தண்ணீர் ஒரு பக்கம் அதிகம் கொதிக்கும், உண்மைதான். தட்டுக்குக் கீழே மேலே சொன்ன இடம் இருந்தால் ஆவி அங்கேயே கலந்துவிடும், பெரிதாகத் தெரியாது. இடம் குறைவாக இருந்தால் கொதிக்கிற பக்கத்துக்கு நேர் மேலே இருக்கும் புல்லுக்கு மட்டும் ஆவி கிடைக்கும். இதைத் தட்டில் சரிசெய்யப் பார்க்காமல் அடுப்பில் சரிசெய்யுங்கள். மூன்று பக்கம் மண்சுவர் எழுப்பி, அடுப்பு வாயைக் காற்று வராத பக்கமாக வையுங்கள். நம் பக்கம் சீமைக் கருவேல விறகுக்குப் பஞ்சமில்லை என்பதால் காற்றில் போகும் சூட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மணிக்கு 30 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கச் சுமாரான அடுப்பே 15-20 கிலோ விறகு கேட்கும், காற்றில் அது இன்னும் கூடும்.

தனியா பாய்லர் வச்சு ஆவியைக் குழாய்ல கொண்டு வர்றோம். அப்பவும் தட்டு வேணுமா?

வேண்டும். அதோடு தட்டுக்குக் கீழே ஓட்டை போட்ட வளையக் குழாயும் வேண்டும். வெறும் குழாய் வாயை உள்ளே நீட்டிவிட்டால் ஆவி நேராக ஒரு இடத்தில் பீய்ச்சி, புல்லுக்குள் பொந்து போட்டுக்கொண்டு போய்விடும்.

வளையத்தின் ஓட்டைகள் கீழ்ப்பக்கம் பார்த்திருக்கட்டும். ஆவி அடியில் மோதித் திரும்பிப் பரவும், குழாய்க்குள் தேங்கும் நீரும் வடிந்துவிடும். இங்கே மட்டும் ஓட்டைக் கணக்கு நிஜமாகவே முக்கியம்: எல்லா ஓட்டைகளின் மொத்தப் பரப்பும் குழாயின் உள்பரப்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆவி ஒரு பக்கத்து ஓட்டைகளிலேயே வெளியேறிவிடும். 25 மி.மீ. உள்விட்டக் குழாயின் பரப்பு 490 சதுர மி.மீ. 4 மி.மீ. ஓட்டை ஒன்று 12.5. ஆக 35 ஓட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாத்திரத்தின் அடியில் வடிகால் வால்வும் வேண்டும், இல்லாவிட்டால் ஆவி குளிர்ந்து சேரும் நீர் ஏறி ஏறித் தட்டைத் தொட்டுவிடும்.

பாய்லர் 25 லிட்டர் கொள்ளளவையும் சதுர செ.மீ.க்கு 1 கிலோ அழுத்தத்தையும் தாண்டினால் பாய்லர் சட்டத்துக்குள் வந்துவிடும். அதை ஊர் வெல்டரிடம் செய்யச் சொல்லாதீர்கள்.

எஸ்.எஸ்.ல எந்த வகை? கடைக்காரர் காந்தம் வச்சுக் காட்டி ஒரிஜினல்னு சொன்னார்.

காந்தம் ஒட்டவில்லை என்பதால் அது 304 (நிக்கல் கூடிய நல்ல ரகம்) ஆகிவிடாது. நிக்கல் குறைந்த 202 வகைத் தகடும் காந்தத்தில் ஒட்டாது. இன்னொரு வேடிக்கை, நல்ல 304 தகட்டையே பஞ்ச் பண்ணினால் ஓட்டை ஓரங்களில் லேசாக ஒட்டும். ஆகவே காந்தம் இரண்டு பக்கமும் ஏமாற்றும். பில்லில் ரகத்தை எழுதி வாங்குங்கள்.

கடற்கரைக்கு 316 நல்லது. அதில் 2-3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்பு அவ்வளவு சீக்கிரம் குழி பறிக்காது. 304உம் ஓடும், தண்ணீர் நல்லதாக இருந்து, வேலை முடிந்ததும் கழுவிக் காயவைத்தால். வெல்டிங் பண்ணிய இடத்தில் நீலமும் பழுப்புமாக நிற்கும் கறையைப் பிக்ளிங் பேஸ்ட் (கறை எடுக்கும் அமிலப் பசை) போட்டு எடுக்கச் சொல்லுங்கள். துரு முதலில் பிடிப்பது அங்கேதான். சாதா இரும்புத் தட்டு மலிவு, ஆனால் துரு எண்ணெயின் நிறத்தைக் கெடுக்கும். கால்வனைஸ் தகடு வேண்டவே வேண்டாம்.

எங்க கிணத்துத் தண்ணி உப்பு. தட்டு அரிச்சிடுமா?

ஆவியோடு உப்பு ஏறாது, தெறிக்கும் துளியோடுதான் ஏறும். அதனால் கீழே இடம் விடுவதுதான் இதற்கும் முதல் மருந்து. ஆனால் காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் குறையும், உப்பு அப்படியே இருக்கும். 64 லிட்டர் ஊற்றி 30 லிட்டர் ஆவியானால் மிச்சத் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே தண்ணீரில் மறுபடி ஊற்றி ஊற்றிக் காய்ச்சினால் ஒரு வாரத்தில் அது பல மடங்கு உப்பேறிவிடும்.

304க்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரைடு (உப்பில் இருந்து வருவது), 316க்கு 1,000 என்பது பொதுவாகச் சொல்லும் எல்லை. அதுவும் குளிர்ந்த தண்ணீருக்கு. கொதிநிலையில் இன்னும் குறைத்துத்தான் எடுக்க வேண்டும். தண்ணீரை ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள். ஊருணித் தண்ணீரோ சேமித்த மழைத்தண்ணீரோ கிடைத்தால் காய்ச்ச அதை வையுங்கள், உப்புத் தண்ணீரைக் குளிர்விப்பான் தொட்டிக்கு விடுங்கள். ஒவ்வொரு தடவையும் அடித்தண்ணீரைத் திறந்துவிடுங்கள். இலைச்சாறு சொட்டி அதில் சேர்ந்து அடிப்பிடிப்பதும் இதனால் தீரும். எண்ணெயில் கருகல் வாசம் வருகிறது என்பவர்களில் பலருக்குக் காரணம் இந்தப் பழைய தண்ணீர்தான்.

பனை மட்டையைப் பொளந்து தட்டி கட்டிப் போட்டா ஆகாதா? எதுக்கு இவ்வளவு செலவு?

ஒருமுறை சோதித்துப் பார்க்க ஆகும். மூங்கில் தட்டி, மரச்சட்டம் போட்டுக் காய்ச்சியவர்களும் உண்டு. திறப்பும் போதிய அளவு கிடைக்கும். ஆனால் மட்டை வாசத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். இன்று எலுமிச்சைப்புல், அடுத்து வெட்டிவேர் என்று மாற்றினால் முந்தையது பிந்தையதில் வீசும். தொடர்ந்து ஆவியில் வெந்தால் கட்டும் தளர்ந்து, ஒருநாள் புல்லோடு தண்ணீருக்குள் இறங்கிவிடும். பரீட்சைக்கு மட்டை, தொழிலுக்குத் தகடு.

தட்டு நடுவுல தொங்கிப் போச்சு. தடிமன் பத்தலையா?

தடிமனைவிட அடியில் தாங்கல் இல்லாததே காரணமாக இருக்கும். 1 மீட்டர் விட்டப் பாத்திரத்தில் 200 கிலோ புல் ஏறும். மிதித்து அடுக்க ஒரு ஆள் உள்ளே இறங்கினால் அது ஒரு 60-70 கிலோ. ஆவி பட்டு நனைந்த எடை வேறு. 3 மி.மீ. தகட்டுக்குக் கீழே 30 செ.மீ.க்கு ஒரு பட்டைக்கம்பி ஓடட்டும், நடுவில் ஒரு கால் இருக்கட்டும், சுற்றிலும் பாத்திரச் சுவரில் பற்றவைத்த ஆங்கிள் வளையத்தில் உட்காரட்டும். தட்டைச் சுவரோடு வெல்டு பண்ணிவிடாதீர்கள். அடியைக் கழுவ வெளியே எடுத்தாக வேண்டும், அதனால் இரண்டு அரைவட்டமாகச் செய்தால் கழற்றவும் சுலபம்.

ஓரத்துல அரை அங்குலம் இடைவெளி இருக்கு. சூட்டுல விரியும்னு விட்டோம்.

அவ்வளவு விரியாது. எஸ்.எஸ். 1 மீட்டருக்கு 70 டிகிரி சூடேறினால் 1.2 மி.மீ. நீளும். பாத்திரமும் எஸ்.எஸ். என்றால் அதுவும் கூடவே விரியும். சுற்றிலும் 2-3 மி.மீ. போதும். அரை அங்குலம் என்பது ஆவிக்குப் போட்ட நெடுஞ்சாலை. 1 மீட்டர் பாத்திரத்தில் அந்த இடைவெளியே தட்டின் பரப்பில் 5 சதவீதம் ஆகிறது.

சுவரோரம் எப்படியும் புல் தளர்வாகத்தான் நிற்கும், ஆவி அங்கே ஓடப் பார்க்கும். அதனால் தட்டின் வெளிவிளிம்பில் 2-3 செ.மீ. அகலத்துக்கு ஓட்டையே இல்லாமல் விடுவது நல்லது. ஏற்கெனவே இருக்கும் தட்டானால் அந்த அகலத்தில் தகட்டு வளையம் ஒன்றை மேலே போட்டு மூடிவிடலாம்.

தட்டெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா இறக்கும்போது நடுவுல புல் பச்சையாவே இருக்குதே?

அப்படியானால் தட்டை விட்டுவிட்டு அடுக்கிய விதத்தைப் பாருங்கள். வெந்த புல் நிறம் மங்கிப் பழுப்பேறியிருக்கும், வாசம் போயிருக்கும். பச்சையாக, கசக்கினால் எலுமிச்சை வாசம் அடிக்கும் புல் இருக்கும் இடத்துக்கு ஆவி போகவில்லை. இறக்கும்போது எந்த இடம் பச்சை என்று குறித்து வைப்பதைவிட நல்ல பரிசோதனை இல்லை.

நடுவில் பச்சை என்றால் பெரும்பாலும் நடுவில் நின்று மிதித்து, ஓரத்தைத் தளர விட்டிருப்பார்கள். ஓரத்தைத்தான் அழுத்தி மிதிக்க வேண்டும். கட்டுக்கட்டாகப் போடாமல் பிரித்துப் போடுங்கள், நீளப் புல்லை நறுக்கிப் போட்டால் இன்னும் ஒழுங்காக உட்காரும். கார்த்திகை மழையில் நனைந்த புல்லை உடனே ஏற்றினால் நிறைய ஆவி அதைச் சூடாக்கவே போய்விடும். ஒருநாள் நிழலில் வாட விடுங்கள். ஓரத்தில் பச்சையாகவும் நடுவில் வெந்தும் இருந்தால் மட்டும் தட்டுக்குக் கீழே உள்ள இடத்தையோ வளையக் குழாயையோ சந்தேகப்படலாம்.

கமுதிப் பக்கம் கொத்தமல்லி வாங்கிக் காய்ச்சலாம்னு இருக்கோம். அதே தட்டு ஆகுமா?

தட்டு ஆகும், மேலே எஸ்.எஸ். வலை ஒன்று விரிக்க வேண்டும். விதையை உடைத்துத்தான் போட வேண்டும், உடைத்த தூள் 6 மி.மீ. ஓட்டையில் கொட்டிக் கீழே கருகும். இதற்காக 1 மி.மீ. ஓட்டைத் தட்டு செய்யாதீர்கள். தாங்க ஒரு தட்டு, சலிக்க ஒரு வலை என்று பிரித்துக்கொண்டால் வலை கெட்டால் வலையை மட்டும் மாற்றலாம். சாக்கு விரிப்பவர்கள் உண்டு, மட்டைக்குச் சொன்ன வாசச் சிக்கல் சாக்குக்கும் பொருந்தும்.

உடைத்த விதை ஒன்றாக இறுகி உட்காரும். முழு உயரத்துக்கும் கொட்டினால் ஆவி ஓரிடத்தில் வெடித்து வழி பண்ணிக்கொள்ளும். நடுவே இரண்டு மூன்று தட்டுகள் வைத்து மெல்லிய அடுக்குகளாகப் போடுங்கள். புல்லுக்குத் தேவையில்லாத இடைத்தட்டு இங்கே கட்டாயம்.

வெட்டிவேருக்கு?

நறுக்கிய வேர், தட்டின் மேல் வலை. புல் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும், வேர் 18 மணி நேரமும் அதற்கு மேலும் கேட்கும். ஆகவே தண்ணீரை இடையில் ஊற்ற வழி வேண்டும். அந்தக் குழாய் தட்டுக்குக் கீழே திறக்க வேண்டும். எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் பிரிப்பானிலிருந்து வரும் வாசத் தண்ணீரைத் திருப்பி விடுவதும் இதே குழாயில்தான். வேர் எண்ணெயின் அடர்த்தி கிட்டத்தட்ட தண்ணீரின் அடர்த்தியே என்பதால் தண்ணீரோடு கலந்து கொஞ்சம் தப்பிவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்.

தங்கச்சிமடத்துல மல்லிகை இருக்கே, பூவைப் போட்டா என்ன வரும்?

வெந்த பூ வரும். மல்லிகை வாசம் ஆவிச் சூட்டைத் தாங்காது. அதை ஹெக்ஸேன் போன்ற கரைப்பானில்தான் எடுக்கிறார்கள், அது வீட்டில் செய்யும் வேலையில்லை. எந்தத் தட்டும் இதைச் சரிசெய்யாது.

புல்லுக்கு மேலயும் ஒரு தட்டு போடணும்கிறாங்களே, அது எதுக்கு?

மேல்தட்டு ஆவியைப் பரப்புவதற்கில்லை, பாதுகாப்புக்கு. புல் மேலெழும்பி மூடியின் குழாய் வாயை அடைத்துவிட்டால் பாத்திரத்துக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். இந்தப் பாத்திரங்கள் அழுத்தம் தாங்கச் செய்தவையல்ல. குழாய் வாய்க்கு ஒரு சாண் கீழே பெரிய ஓட்டைத் தட்டோ கம்பி வலையோ வைத்துப் பூட்டுங்கள். பாதுகாப்பு வால்வு ஒன்றும் மூடியில் இருக்கட்டும். எண்ணெய் பிடிக்கும் முனையை எந்தக் காரணத்துக்காகவும் மூடாதீர்கள்.

கடைசியா ஒண்ணு. தட்டை அஞ்சாறா அடுக்கிக் கோபுரமாக்கினா சிட்ரால் மட்டும் தனியா வராதா? விலை கூடுமே.

வராது. (சிட்ரால் என்பது எலுமிச்சைப்புல் எண்ணெயின் எலுமிச்சை வாசத்துக்குக் காரணமான பொருள்.) தட்டை அடுக்கினால் பிரியும் என்ற எண்ணம் இரண்டாம் கேள்வியில் சொன்ன கோபுரத்திலிருந்து வருவது. அங்கே பிரிப்பது தட்டின் மேல் நிற்கும் திரவமும் மேலேயிருந்து திருப்பி விடும் திரவமும் சேர்ந்துதான். நம் பாத்திரத்தில் அந்த இரண்டும் இல்லை. எத்தனை தட்டு வைத்தாலும் புல்லில் இருந்த எண்ணெய் அதே கலவையில்தான் வரும். நல்ல ரகம், சரியான அறுவடை என்றால் அதில் 75-80 சதவீதம் சிட்ரால் ஏற்கெனவே இருக்கும்.

சிட்ரால் சாதாரண அழுத்தத்தில் 229 டிகிரியில் கொதிக்கும், அந்தச் சூட்டில் கெடவும் செய்யும். அதனால் வாங்குகிற ஆலைகள் காற்றை உறிஞ்சி, அழுத்தத்தைக் குறைத்துப் பிரிக்கின்றன. அந்த வேலையை அவர்களுக்கே விட்டுவிட்டு, நீங்கள் எண்ணெயைத் தண்ணீர் இல்லாமல் வடிகட்டி, கழுத்துவரை நிரப்பிய அலுமினிய டப்பாவிலோ நிறக் கண்ணாடியிலோ நிழலில் வையுங்கள். பாதி காலியான பிளாஸ்டிக் கேனில் வெயிலில் வைத்துவிட்டு விலை குறைந்ததற்குத் தட்டைக் குறை சொல்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.